லாந்தரை நான் விளக்காக்கிய கதை

1. மேஸ்திரியைக் கொத்தனார் ஆக்கியது

கடத்தூரை ஒட்டிய ஒரு கத்தோலிக்கப் பங்குக் கோயில் அலுவலகத்தில் இருபத்தெட்டு வருடம் எழுத்தராக இருந்தேன். ஊரில் என்னை 'ரைட்டர்' என்பார்கள். சூசைராஜ் என்று பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டோடு நின்றுவிட்டது. பிள்ளை பிறந்தால், கல்யாணம் நடந்தால், யாராவது செத்தால் என்னிடம் வந்துதான் ஆகவேண்டும். இந்த மூன்றில் ஒன்றுக்காவது வராத குடும்பம் எங்கள் பங்கில் கிடையாது என்பதால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

இப்போது பங்கு அலுவலகங்களில் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்கள். அவர்களுக்கு உபயோகப்படட்டும் என்று நான் செய்த ஒரு பெரிய தப்பை எழுதுகிறேன். சின்னத் தப்புகளை எழுத ஆரம்பித்தால் நோட்டு போதாது.

நான் வேலையில் சேர்ந்தபோது கோயில் தமிழ் மாறிக்கொண்டிருந்தது. ஞானஸ்நானம் திருமுழுக்கு ஆனது. பூசை திருப்பலி ஆனது. கிழவிகளுக்கு அது பிடிக்கவில்லை, எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பள்ளிக்கூடத்தில் தமிழய்யாவிடம் பேர் வாங்கியவன் நான். நல்ல தமிழ் என்றால் எனக்குச் சாப்பாடு தண்ணீர் வேண்டாம்.

அந்தச் சமயத்தில்தான் பழைய பதிவேடுகளைக் கரையான் அரிக்க ஆரம்பித்தது. அப்போதிருந்த பங்குசாமி என்னைக் கூப்பிட்டு, "இதெல்லாம் பொடியாப் போறதுக்குள்ள புது நோட்டுல காப்பி பண்ணிடுப்பா, பழச எரிச்சிடு" என்றார். காப்பி பண்ணச் சொன்னார். நான் திருத்தவும் செய்தேன். அவர் சொல்லாமலே செய்த உதவி அது.

'ஞானத் தகப்பன்' என்று இருந்த இடத்திலெல்லாம் 'ஞானத்தந்தை' போட்டேன். 'குசினிக்காரன்' இருந்தால் 'சமையற்கலைஞர்' ஆக்கினேன். எங்கள் ஊர் மேஸ்திரி அருளப்பனுடைய மகளின் ஞானஸ்நானப் பதிவில் 'தகப்பன் தொழில்: மேஸ்திரி' என்று இருந்ததை அழகாகக் 'கொத்தனார்' என்று மாற்றினேன். மேஸ்திரி என்பது வேற்றுமொழிச் சொல் அல்லவா! மகளுக்குச் சர்டிபிகேட் வாங்க வந்த அருளப்பன் அதைப் படித்துவிட்டுச் சத்தம் போட்டார்.

"என்னாங்க ரைட்டர், பதினஞ்சு ஆள வச்சு வேல வாங்கறவன் நானு. ஒரே எழுத்துல என்னைய கரண்டி புடிக்க வுட்டுட்டீங்களே!"

அவருக்கு மட்டும் திருப்பி மேஸ்திரி என்று எழுதிக் கொடுத்தேன். அதிலிருந்து பாடம் படித்திருக்க வேண்டும். படிக்கவில்லை. செத்தவர்கள் யாரும் வந்து சத்தம் போடப் போவதில்லை என்ற தைரியத்தில் பழைய பதிவுகளைத் திருத்திக்கொண்டே போனேன்.

2. வெள்ளைக்காரம்மா வந்தது

எண்பதுகளின் நடுவில் ஒரு நாள் காலையில் சேலத்திலிருந்து ஒரு அம்பாசிடர் டாக்சி வந்து கோயில் வாசலில் நின்றது. ஐம்பது வயது மதிக்கத்தக்க வெள்ளைக்காரம்மா ஒருவர் இறங்கினார். பெயர் ஹெலன். பருத்திச் சேலை கட்டியிருந்தார். கட்டிவிட்டது யாரோ தெரியவில்லை, மூன்று இடத்தில் ஊக்கு குத்தியிருந்தது.

அப்போது எங்களுக்குப் புதுப் பங்குசாமி வந்திருந்தார். சின்ன வயசு, நன்றாக இங்கிலீஷ் பேசுவார், என்னைக் கிண்டல் பண்ணாமல் அவருக்குப் பொழுது விடியாது. எனக்கு இங்கிலீஷ் படித்தால் புரியும், பேசினால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். அதனால் அந்தம்மா சொன்னதையெல்லாம் சாமிதான் எனக்குத் தமிழில் சொன்னார்.

ஹெலனம்மா கையில் சுருட்டி வைத்திருந்த ஒரு பெரிய தாளை என் மேசைமேல் விரித்தார். அவர்களுடைய வம்சவழிப் படம். மேலே ஒரு பெயர், அதிலிருந்து கோடு கோடாகக் கீழே பிரிந்து வந்தது. முதல் ஆள் பட்டாளத்தில் பீரங்கிக்காரனாக மெட்ராசுக்குக் கப்பலேறி வந்தவர். அவர் மகன் பெல்லாரியில் சர்வே ஆபீசில் இருந்தார். அவர் மகன் ஜார்ஜ், மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்குச் சின்ன ரயில் போட்ட காலத்தில் இங்கே ஓவர்சீயராக வந்தவர். பிறகு அவர் ரங்கூன் போனார், அங்கிருந்து ஆப்பிரிக்கா போனார். அவர் மகள் எடித் கல்யாணமாகி இங்கிலாந்து போனார். எடித்தின் மகள்தான் என் எதிரில் உட்கார்ந்திருந்த ஹெலனம்மா.

சாமி அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "சூசை, இவங்க குடும்பம் ஒலகத்தையே ஒரு சுத்து சுத்திருக்கு. உங்க குடும்பம் எங்கிருந்துய்யா வந்துது?" என்று கேட்டார்.

"புளியம்பட்டியிலிருந்துங்க சாமி."

"எத்தன மைலு?"

"மூணு மைலுங்க."

"எத்தன தலைமுறையில?"

"அஞ்சு தலைமுறையிலங்க."

சாமி அதை அந்தம்மாவுக்கு மொழிபெயர்த்தார். அவர் சிரித்தார். அப்புறம் அந்தத் தாளில் ஒரு இடத்தில் விரலை வைத்தார். எடித் என்ற பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு கீழே இறங்கியது. அதன் நுனியில் 'பால்' என்று எழுதி ஒரு கேள்விக்குறி போட்டிருந்தது.

எடித்தின் தம்பி பால். ஜார்ஜ் துரை இந்த ஊரில் ஒரு கிறிஸ்தவப் பெண்ணோடு குடும்பம் நடத்தினார். இரண்டு பிள்ளைகள். மூத்தது எடித், இடையில் அவர் குடும்பத்தோடு வேறு வேலையாகப் பெல்லாரிக்குப் போயிருந்தபோது அங்கே பிறந்தது. இளையது பால், இங்கே பிறந்தது. ரங்கூனுக்குப் போகும்போது அவர் ஒன்பது வயது மகளை மட்டும் கூட்டிக்கொண்டு போனார். தம்பி காலராவில் செத்துப்போனான் என்று பிறகு மகளிடம் சொல்லிவிட்டார். எடித்தம்மா எழுபது வருடம் அதை நம்பியிருந்தார். போன வருடம் சொந்தக்காரர் ஒருவர் இறந்தபோது அவருடைய பெட்டியில் ஒரு பழைய கடிதம் கிடைத்தது. இந்தப் பங்கில் அப்போது இருந்த பிரெஞ்சு சாமியார் ஜார்ஜ் துரைக்கு எழுதியது. 'பையன் பால் நன்றாக இருக்கிறான், பள்ளிக்கூடம் போகிறான்' என்று அதில் இருந்தது.

"எங்கம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. இருதயம் சரியில்லை. தம்பி என்ன ஆனான் என்று தெரிந்துகொள்ளாமல் நான் சாகமாட்டேன் என்கிறாள். நாளை மறுநாள் மெட்ராசில் எனக்கு விமானம்" என்று ஹெலனம்மா சொன்னதைச் சாமி எனக்குச் சொன்னார். சொல்லும்போது அவர் குரலில் கிண்டல் இல்லை.

3. சின்னப்பன்கள்

அந்தம்மா முதலில் கேட்டது, "உங்கள் பதிவேட்டில் இந்தக் குடும்பப் பெயரில் எத்தனை பேர் இருக்கிறார்கள்?" என்று. குடும்பப் பெயர் 'லேண்டர்'.

எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பன் பெயரின் முதல் எழுத்துதான் இனிஷியல் என்று சாமி விளக்கினார். என்னையே உதாரணமாகக் காட்டினார். என் அப்பா பெயர் மரியதாஸ், நான் ம. சூசைராஜ், என் மகன் சூ. ஜான். மரியதாஸ் என்ற பெயர் என் மகனிடம் வரும்போதே காணாமல் போயிற்று. ஹெலனம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அப்படியென்றால் ஒவ்வொரு தலைமுறையும் பழைய பெயரைக் கழுவிவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கிறீர்களா?" என்று கேட்டார். அப்படியும் சொல்லலாம் என்று நான் தலையாட்டினேன்.

சரி, பால் என்ற பெயரைத் தேடுவோம் என்றார். பால் என்பதைத்தான் அந்தக் காலத்துக் கத்தோலிக்கர்கள் சின்னப்பன் என்றார்கள். புனித பவுலுக்கு எங்கள் பழைய தமிழில் சின்னப்பர் என்று பெயர். அது எனக்கே தெரியும். அதில் ஒரு சங்கடம், எங்கள் பங்கில் வீட்டுக்கு ஒரு சின்னப்பன் உண்டு. சில வீட்டில் இரண்டு, பெரிய சின்னப்பன், சின்னச் சின்னப்பன் என்று.

நான் காப்பி பண்ணிய புதுப் பதிவேட்டை எடுத்துக் கொடுத்தேன். என் கையெழுத்தின்மேல் எனக்கு எப்போதும் ஒரு பெருமை. ஹெலனம்மாவும் "எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறீர்கள்" என்று சொன்னபோது எனக்குக் காது குளிர்ந்தது. மூன்று பேரும் சேர்ந்து அந்த வருடங்களில் பிறந்த சின்னப்பன்களை ஒவ்வொருவராகப் பார்த்தோம். தகப்பன் பெயர் ராயப்பன், தகப்பன் பெயர் சவரிமுத்து, தகப்பன் பெயர் இஞ்ஞாசி. ஜார்ஜும் இல்லை, லேண்டரும் இல்லை.

நடுவில் ஒரு சின்னப்பனுக்குத் தகப்பன் பெயரே இல்லை. அந்த இடத்தில் 'இருப்புப்பாதை விளக்குப் பணியாளர்' என்று இருந்தது. சாமி அதைப் படித்து அந்தம்மாவுக்குச் சொன்னார்.

"ரயில்வேயில் விளக்கேற்றுகிற ஆளா? இல்லை, என் தாத்தா ஓவர்சீயர்" என்று அவர் தலையை அசைத்தார். நாங்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டோம்.

மத்தியானம் மூன்று மணிக்குள் எல்லாச் சின்னப்பன்களும் தீர்ந்தார்கள். ஹெலனம்மா தாளைச் சுருட்டிக் கட்டினார். ஊரிலிருந்து அவ்வளவு தூரம் வந்து வெறுங்கையோடு போய், அந்த வயசான அம்மாவிடம் என்ன சொல்வாரோ என்று எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. அழகான கையெழுத்து யாருக்கு வேண்டும்!

4. கோயில்பிள்ளை எழுத்துக் கூட்டியது

எங்கள் கோயில்பிள்ளை பெயர் இஞ்ஞாசி. மணி அடிப்பது, மெழுகுவத்தி ஏற்றுவது, வந்தவர்களுக்குக் காப்பி போடுவது எல்லாம் அவர் பொறுப்பு. மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. இங்கிலீஷ் எழுத்துகளைக் கடைத்தெரு போர்டுகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர். மேலே இங்கிலீஷ், கீழே தமிழ் என்று எழுதியிருக்கும் போர்டாகப் பார்த்து ஒத்திப் பார்த்துப் படிப்பார். கடத்தூர் மளிகைக்கடை போர்டில் 'கோவிந்தன்' என்பதைப் படித்ததிலிருந்து, என்-டி சேர்ந்து வந்தால் அது 'ந்த' என்பது அவர் கண்டுபிடித்த சட்டம்.

அன்றைக்குக் காப்பி டம்ளரோடு வந்தவர், மேசைமேல் கிடந்த அந்தம்மாவின் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தார். அட்டையில் பெரிய எழுத்தில் குடும்பப் பெயர் எழுதியிருந்தது. வழக்கம்போல வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார்.

"எல்லு... ஏ... லா. என்னு, டி... ந்த. ஈ, ஆரு... ர். லா-ந்-த-ர்." டம்ளரை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "இந்தம்மா எதுக்குங்க சாமி நம்ம சின்னப்பண்ணன் வூட்டுப் பேர எழுதி வச்சுருக்குது?"

"எந்தச் சின்னப்பன்யா?" என்றார் சாமி.

"அதாங்க, புளியம்பட்டி ரோட்டுல, லாந்தர் வூட்டுச் சின்னப்பண்ணன். மோட்டாரு ரிப்பேரு பாப்பாரே."

லாந்தர் வூடு எனக்குத் தெரியாததா? என் சொந்த ஊர்ப் பக்கம்தான். அவர்கள் வீட்டில் முன்னே யாரோ ரயில்வேயில் லாந்தர் விளக்கு பிடித்தார்கள், அதனால் லாந்தர் வூடு என்றுதான் ஊரே சொல்லும். நானும் அப்படித்தான் நினைத்தேன். நினைத்ததோடு விட்டேனா? 'லாந்தர்' நல்ல தமிழ் இல்லை என்று விளக்கு ஆக்கினேன். காலையில் நாங்கள் தாண்டிப் போன அந்த இருப்புப்பாதை விளக்குப் பணியாளர், நான் உண்டாக்கிய ஆள்.

"சாமி," என்றேன். "பழைய நோட்டப் பாக்கணுங்க."

"பழச எரிச்சாச்சுன்னு சொன்ன?"

எரிக்கவில்லை. ஞானஸ்நானப் புத்தகத்தை நெருப்பில் போட மனசு வராமல், வேட்டித் துணியில் கட்டிப் பரணில் போட்டிருந்தேன். பொய் சொன்னதற்காக அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சந்தோஷப்பட்டேன். இஞ்ஞாசி ஏணி போட்டு ஏறி எடுத்துக் கொடுத்தார். கட்டைப் பிரித்தால் தூசியும் கரையான் மண்ணும் கொட்டியது. பக்கங்களை விரல் நுனியில் புரட்டினோம்.

அந்தப் பதிவு இருந்தது. தகப்பன் பெயர் என்ற இடத்தில் ஒரு ஓட்டை. ஓட்டைக்குப் பிறகு 'லாந்தர். ரயில் வேலை' என்று தமிழில் இருந்தது. ஜார்ஜைக் கரையான் தின்றுவிட்டது. லேண்டரை நான் தின்றுவிட்டேன். பக்கத்து ஓரத்தில் பழைய சாமியார் பொடி எழுத்தில் லத்தீனில் ஏதோ எழுதியிருந்தார். லத்தீன் நமக்கெதற்கு, தமிழ் போதும் என்று நான் காப்பி பண்ணும்போது விட்டுவிட்ட ஓரம் அது.

சாமி கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு உரக்கப் படித்தார்: "ஜியோர்ஜியுஸ் லாந்தெர்... இங்கிலீஷ்காரர்... தாய் அன்னம்மாள்." படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "லத்தீன்லயும் லாந்தர்னுதான்யா படிக்கணும். ஒனக்கும் எனக்கும்தான் இங்கிலீஷ் தெரிஞ்சு தொலைச்சுது."

ஹெலனம்மாவுக்குச் சாமி விஷயத்தைச் சொன்னார். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அது எனக்கே புரிந்தது.

"உயிரோடு இருக்கிறாரா?"

"காலையில கூடப் பாத்தேனுங்க" என்றார் இஞ்ஞாசி. "ஒருத்தரோட சண்ட போட்டுக்கிட்டு இருந்தாரு."

5. லாந்தர் வூடு

டாக்சியில் போனோம். சின்னப்பனுக்கு அப்போது எழுபத்தெட்டு வயசு இருக்கும். மரவள்ளிக் காட்டு ஓரத்தில் மோட்டார் ரூமுக்கு வெளியே சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு மோட்டாரைப் பிரித்துப் பரப்பி வைத்திருந்தார். கறுத்த, ஒல்லியான ஆள். எங்கள் எல்லாரையும்விட ஒரு சுற்று கறுப்பு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்கு வருவார், பிரசங்கம் நீண்டால் எழுந்து வெளியே போய்விடுவார்.

சாமியைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார். ஹெலனம்மாவைப் பார்த்துவிட்டு என்னிடம், "என்னாங்க ரைட்டர், கரண்டு ஆபீஸ்ல இருந்தா?" என்று கேட்டார்.

சாமி பக்குவமாகச் சொன்னார். உங்கள் அப்பா, உங்கள் அக்கா, ரங்கூன், இங்கிலாந்து. சின்னப்பன் கையில் இருந்த எண்ணெய்த் துணியால் விரல்களைத் துடைத்துக்கொண்டே கேட்டார். ஒரு விரலையே ரொம்ப நேரம் துடைத்தார்.

"எங்கக்கா கப்பல்லயே செத்துப்போச்சுன்னு எங்காத்தா சொல்லுச்சுங்களே சாமி" என்றார்.

"நீங்க காலராவுல செத்துட்டீங்கன்னு உங்கப்பா அங்க சொல்லியிருக்காரு."

சின்னப்பன் கொஞ்சம் யோசித்தார். "அப்ப ரெண்டு பேரும் செத்துப்போயி எழுவது வருசமா சோறு தின்னுக்கிட்டு இருந்துருக்கறோம்" என்றார்.

சாமி இதை மொழிபெயர்த்தபோது ஹெலனம்மாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தார். ஏன் உங்களை விட்டுவிட்டுப் போனார் என்று தெரியுமா என்று கேட்டார். கேட்கக் கூச்சப்பட்டது தெரிந்தது.

"அது தெரியுமுங்க. ஆத்தா சொல்லிருக்குது. அக்கா எங்கப்பன் கலரு, நானு எங்காத்தா கலரு. கடையில துணி எடுக்கற மாதிரி கலரு பாத்து எடுத்துட்டுப் போனான் மனுசன்." அதைக் கோபமில்லாமல்தான் சொன்னார். சாமி மட்டும் மொழிபெயர்க்கத் தயங்கினார். "சொல்லுங்க சாமி, பரவால்ல. இந்தம்மா என்னா பண்ணும் அதுக்கு" என்று அவரே தைரியம் சொன்னார்.

பிறகு தன் பக்கத்திலிருந்து கேள்வி கேட்டார். "எனக்கு எடது முட்டி வலிங்க. அக்காளுக்கு எந்த முட்டி?"

"இரண்டும்" என்றார் ஹெலனம்மா.

"அவளுக்கு எல்லாமே ஒண்ணு சேத்திதான்" என்று சின்னப்பன் தலையாட்டினார்.

ஹெலனம்மா கைப்பையைத் திறந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். அவருடைய அம்மாவுக்குத் தமிழ் எல்லாம் மறந்துவிட்டதாம். ஒரே ஒரு வாக்கியம் மட்டும் ஞாபகமிருக்கிறதாம். அர்த்தம்கூட மறந்துவிட்டதாம். தம்பி கிடைத்தால் அவனிடம் சொல் என்று சொல்லி, இங்கிலீஷ் எழுத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஹெலனம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எழுத்தெழுத்தாகப் படித்தார்.

"சின்னூ... அழுவாத... நாளைக்கி... வந்துருவேன்."

உச்சரிப்பு கண்றாவியாக இருந்தது. ஆனால் 'அழுவாத' என்பது எங்கள் ஊர் 'அழுவாத'தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. இது என்ன அர்த்தம் என்று அந்தம்மா எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தார். சாமி மெல்லச் சொன்னார்.

சின்னப்பன் மறுபடி உட்கார்ந்து ஒரு நட்டை எடுத்து முறுக்க ஆரம்பித்தார். அது எந்த போல்ட்டுக்கும் சேராத நட்டு என்று எனக்கே தெரிந்தது. தலையைத் தூக்காமலே சொன்னார்.

"அவசரமில்ல, மெதுவா வரச் சொல்லுங்க."

6. ஓரத்தில் எழுதிய திருத்தம்

மறுநாள் காலையில் சான்றிதழ் எழுதிக் கொடுத்தேன். பழைய பதிவில் இருந்தது இருந்தபடி, ஓட்டையைக்கூட விடாமல், 'இங்கே கரையான் அரித்துள்ளது' என்று எழுதினேன். ஹெலனம்மா வம்சவழிப் படத்தில் கேள்விக்குறியை அடித்துவிட்டுக் கீழே கோடு இழுத்தார். சின்னப்பன், அவருக்கு மூன்று மகன், இரண்டு மகள், பேரன் பேத்திகள் என்று இடம் போதாமல் பின்பக்கம் போயிற்று. மேலே மூன்று கண்டம் சுற்றிய அத்தனை பேரும் சேர்ந்து ஒரு பக்கம், இங்கேயே இருந்த ஒரு ஆள் ஒரு பக்கம். போட்டோவுக்குச் சின்னப்பன் சட்டை போட்டுக்கொண்டு, ரிப்பேர் முடிந்த மோட்டாரோடுதான் நிற்பேன் என்று அடம் பிடித்து நின்றார்.

டாக்சி போன பிறகு சாமி என்னை உட்காரவைத்துப் புதுப் பதிவேட்டில் ஓரத்தில் திருத்தம் எழுதச் சொன்னார். 'விளக்குப் பணியாளர் என்பது எழுத்தரின் பிழை. மூலத்தில் உள்ளபடி லாந்தர் என்று படிக்கவும்.' கீழே கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.

"இன்னும் எத்தன எடத்துலய்யா இந்த மாதிரி அருள் மழை பொழிஞ்சிருக்க?" என்று கேட்டார்.

எண்ணிப் பார்க்கவே பயமாக இருந்தது. அடுத்த ஏழு மாதம் தினமும் மத்தியானம் பழைய நோட்டையும் புது நோட்டையும் பக்கத்தில் வைத்துச் சொல்லுக்குச் சொல் ஒத்துப் பார்த்தேன். குசினிக்காரர்கள் குசினிக்கே திரும்பினார்கள். இளையவர்களே, நீங்கள் பதிவறையில் உட்காரும்போது இருப்பதை இருக்கிறபடி எழுதுங்கள். தப்பாக இருந்தாலும் தப்பை அப்படியே எழுதி, உங்கள் சந்தேகத்தை ஓரத்தில் எழுதுங்கள். நமக்குப் புரியாத சொல் யாருக்கோ பெயராக இருக்கலாம். அதை நான் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை, பட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

7. நவம்பர்

கல்லறைத் திருநாளுக்கு முன்னால் எல்லாரும் தங்கள் வீட்டில் இறந்தவர்களின் பெயரைக் கொடுப்பார்கள். நான் பட்டியல் எழுதுவேன், சாமி பூசையில் வாசிப்பார். அந்த வருடம் சின்னப்பன் அலுவலகத்துக்கு வந்து, "ரைட்டர், என் பட்டியல்ல ஒரு பேர எடுத்துருங்க" என்றார்.

"யாருங்க?"

"ஈட்டியம்மா."

போன வருடத்துப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். சின்னப்பன் வீட்டுப் பெயர்களில் முதலாவதாக இருந்தது. அதற்கு முந்தின வருடமும் இருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஒவ்வொரு நவம்பரும் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். ஈட்டி, வேல் என்று யாரோ வீரமான பாட்டிக்கு வைத்த பட்டப்பெயர் போலிருக்கிறது என்று நினைத்திருந்தேன். சும்மாவும் எழுதவில்லை, மரியாதையாக இருக்கட்டும் என்று கடைசியில் ஒரு 'ள்' சேர்த்து 'ஈட்டியம்மாள்' என்று திருத்தி எழுதியிருந்தேன். எடித் என்ற பெயர்தான் ஊர் வாயில் ஈட்டியம்மா ஆகியிருந்தது; அந்த எடித்தின் தம்பியை அன்று முழுவதும் பதிவேட்டில் தேடியவன் நான்.

பெயரை அடித்தேன். சாமிக்கு விஷயம் தெரிந்ததும், "நம்ம பட்டியல்ல இருந்து உயிரோட திரும்பிப் போனது இந்தம்மா ஒருத்தர்தான்" என்று இரண்டு நாள் சிரித்தார். அந்த நவம்பரில் சின்னப்பன் பூசையில் கடைசி வரை எழுந்து போகாமல் உட்கார்ந்து, அந்தப் பெயர் வாசிக்கப்படாததைக் கேட்டுவிட்டுப் போனார்.

அடுத்த வருடம் மழைக்காலத்தில் ஹெலனம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. சாமி படித்துச் சொன்னார். எடித்தம்மா தூக்கத்திலேயே போய்விட்டார்களாம். மோட்டாரோடு தம்பி நிற்கிற போட்டோ தலைமாட்டில்தான் இருந்ததாம். நாளைக்கு ஊருக்குப் போகவேண்டும், பெட்டியை எடுத்து வை என்று கடைசி வாரம் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார்களாம்.

சின்னப்பனிடம் நான்தான் போய்ச் சொன்னேன். அவர் நவம்பரில் தானாகவே வந்து என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"அக்கா பேரச் சேத்துக்கங்க ரைட்டர்."

பேனாவை எடுத்தேன். எடித் என்று எழுதுவதா, எடித் லாந்தர் என்று எழுதுவதா என்று யோசித்தேன். அத்தனை வருட வேலையில் முதல்முறையாக, எழுதுவதற்கு முன்னால் ஒருவரிடம் கேட்டேன்.

"எப்படிங்க எழுதட்டும்?"

"ஈட்டியம்மான்னே எழுதுங்க. ஆண்டவருக்கு அந்தப் பேருதான் பழக்கம்."

எழுதினேன். 'ள்' சேர்க்கவில்லை.